பூட்டிய அறை நாவலும் 38 மாணவர்களும்

கேள்வி: பெங்களூரில் ஒரு டிகிரி கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நான்காம் செமஸ்டரில் வெகுஜன இலக்கியம் என்று ஒரு விருப்பப் பாடம். ஸ்டீஃபன் கிங்கின் ‘மிசரி’ நாவலை எடுத்திருக்கிறேன். வாரம் மூன்று மணி, மொத்தம் எட்டு வாரம். 38 மாணவர்கள், தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்த வகுப்பு. போன வாரம் முதல் 40 பக்கத்தைப் படித்துவரச் சொன்னேன். பாதிப் பேர் சினிமாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். காலை வெட்டுகிற இடம் எப்போ வரும் என்று பின் பெஞ்சில் கேட்கிறார்கள். ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் வந்து, “மேம், என்னால இதைப் படிக்க முடியலை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்னொரு மாணவரின் அப்பா துறைத் தலைவருக்கு போன் போட்டு, இந்த மாதிரிப் புத்தகம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். கொடூரமான பகுதிகளை விட்டுவிட்டு நடத்தலாமா? புத்தகத்தையே மாற்றிவிடுவது நல்லதா?
— ஓர் ஆசிரியை, கிருஷ்ணராஜபுரம்

பதில்: புத்தகத்தை மாற்றாதீர்கள், பகுதிகளை வெட்டவும் வேண்டாம். வகுப்பு எந்த இடத்தில் நின்று நிதானமாகப் படிக்கிறது என்பதை மாற்றுங்கள். கூடவே, படிக்க முடியாதவர் எழுந்து போக ஒரு கதவைத் திறந்து வையுங்கள். ஒரு மனிதனை அறையில் பூட்டி எழுத வைக்கிற கதை இது. அதை வருகைப் பதிவையும் இன்டர்னல் மார்க்கையும் காட்டிக் கட்டாயப்படுத்திப் படிக்க வைத்தால், நாவல் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதையே நாமும் செய்தவர்களாவோம்.

அந்த மாணவியின் விஷயம்தான் அவசரம். நாளைக்கே கவனியுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எதுவும் கேட்காதீர்கள். தனியாக ஐந்து நிமிடம் போதும், கதவு திறந்திருக்கும் அறையில். “ஏன்?” என்று கேட்கவே கூடாது. கேட்டால் ஒன்று பொய் சொல்ல வேண்டி வரும், இல்லை சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டி வரும். “எந்த மாதிரி இடம் கஷ்டமா இருக்கு, எந்த வழி உனக்கு வசதி?” என்று கேட்டால் போதும். உங்கள் கையில் மூன்று வழிகள் தயாராக இருக்கட்டும். குறிப்பிட்ட அத்தியாயங்களை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக நீங்களே எழுதிய ஒரு பக்கச் சுருக்கத்தைப் படிப்பது முதல் வழி. அந்த வகுப்புகளுக்கு மட்டும் நூலகத்தில் உட்கார்ந்து வேறு வேலை செய்வது இரண்டாவது, வருகை கொடுத்துவிடுங்கள். முழு நாவலுக்கும் பதிலாக வேறு நாவல் எடுப்பது மூன்றாவது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மதிப்பெண்ணில் கை வைக்க மாட்டேன் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுதிக் கொடுங்கள்.

பேசும்போது அவளாகவே ஏதாவது சொல்லிவிடலாம். யாரோ பின்தொடர்கிறார்கள், பிஜி வாசலில் வந்து நிற்கிறார்கள், போனில் விடாமல் தொந்தரவு செய்கிறார்கள் என்று சொன்னால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். “யாரிடம் சொல்வது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்வோம்” என்று சொல்லுங்கள். கல்லூரியில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 2015-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறைகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம். இணையத்தில் கண்காணிப்பதும் அதில் அடங்கும். உடனடி ஆபத்து என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181. மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இந்த எண்களை அவளுக்கு மட்டும் கொடுத்தால் அவளைத் தனியே பிரித்துக் காட்டியது போலாகிவிடும். 38 பேருக்கும் கொடுக்கும் தாளின் அடியில் அச்சடித்துவிடுங்கள்.

அந்தத் தாள் முதல் வகுப்பிலேயே போயிருக்க வேண்டும். பரவாயில்லை, திங்கட்கிழமை கொடுக்கலாம். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நாவலில் நான்கு பாகங்கள் உண்டு. பாகவாரியாக என்னென்ன வரும் என்று கதையை உடைக்காமல் எழுதுங்கள்: மாத்திரைக்கு அடிமையாவது, உடல்ரீதியான அவமானம், பட்டினி போடுவது, தற்கொலை எண்ணம், எலி ஒன்றைக் கொல்வது, கைக்குழந்தைகள் கொல்லப்பட்டது பற்றிய செய்தி நறுக்குகள், உறுப்பு வெட்டப்படுவது இரண்டு இடத்தில், ஒரு போலீஸ்காரர் கொலை. இவ்வளவுதான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, “ரொம்ப பயங்கரமா இருக்கும், பார்த்துக்கோங்க” என்றெல்லாம் சேர்த்தால் அது சினிமா போஸ்டர் ஆகிவிடும். பின் பெஞ்சு இன்னும் ஆவலாகும், பயந்தவர்கள் இன்னும் பயப்படுவார்கள். எச்சரிக்கை மட்டும் கொடுத்து வேறு வழி கொடுக்காவிட்டால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

இனி நாவலுக்கு வருவோம்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ‘மிசரி’ 1987-ல் வந்தது. பால் ஷெல்டன் என்ற எழுத்தாளர், மிசரி என்ற கதாநாயகியை வைத்துக் காதல் நாவல்களை வரிசையாக எழுதிப் பேரும் பணமும் சம்பாதித்தவர். அலுத்துப்போய்க் கடைசிப் புத்தகத்தில் அவளைச் சாகடித்துவிட்டார். பனிப்புயலில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, கொலராடோ மலைப்பகுதியில் விபத்தில் சிக்குகிறார். அவரை இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்பவள் ஆனி வில்க்ஸ், முன்னாள் நர்ஸ், அவருடைய முதல் நம்பர் ரசிகை. இவருக்கு இரண்டு காலும் நொறுங்கிக் கிடக்கின்றன. வலி மாத்திரை அவள் கையில். மிசரி செத்த செய்தியைப் படித்ததும், அவளை உயிரோடு கொண்டுவந்து இன்னொரு நாவல் எழுது என்கிறாள்.

உங்கள் மாணவர்கள் காலை வெட்டும் கோடரிக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் காட்சி இரண்டாம் பாகத்தின் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் நாவலின் உண்மையான பயங்கரம் நடந்து முடிந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதைக் கவனிக்க வைப்பதுதான் உங்கள் வேலை என்பது என் கருத்து.

முதல் பாகத்தில் ஒரு வாளிக் காட்சி உண்டு. நீங்கள் ஒதுக்கும் 24 மணியில் இதற்கு மட்டும் இரண்டு மணி கொடுங்கள். ஆனி சூப் கொண்டுவருகிறாள். பால் புதிதாக எழுதி வைத்திருந்த, மிசரி இல்லாத நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்திருக்கிறாள். அதில் கெட்ட வார்த்தை அதிகம் என்று அவளுக்குக் கோபம். பேசப் பேசக் கோபம் ஏறுகிறது, சூப் கிண்ணம் சுவரில் மோதி உடைகிறது. அவளே வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து துடைக்கிறாள். மாத்திரை நேரம் தாண்டிவிட்டது, அவருக்கு வலி தாங்கவில்லை. மாத்திரையை நீட்டுகிறாள். விழுங்குவதற்கு அந்த வாளித் தண்ணீரைத் தருகிறாள். அவர் குடிக்கிறார். இங்கே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் ஒரு மனிதன் எப்படிக் கைதி ஆகிறான் என்பது முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது: வேண்டியதை அவள்தான் தர முடியும், அவள் தரும் விதத்தில்தான் கிடைக்கும்.

முதல் மணியில் மாணவர்களிடம் பென்சில் கொடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் குறிக்கச் சொல்லுங்கள்: இந்தப் பத்தி முடியும்போது யாருக்கு யார் தேவை? இரண்டாவது மணியில், பால் தன் வலியைப் பற்றி நினைப்பதை விட்டு ஆனியின் முகத்தைப் படிக்கத் தொடங்கும் முதல் வாக்கியம் எது என்று தேட விடுங்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைக் காட்ட மாட்டார்கள். அந்தச் சண்டைதான் பாடம். வீட்டில் கோபக்காரப் பெரியவர் ஒருவரின் செருப்புச் சத்தத்தைக் கேட்டே அன்றைய வானிலையைக் கணித்துப் பழகிய பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள்தான் சரியான வாக்கியத்தை முதலில் கண்டுபிடிப்பார்கள். எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இதே கேள்வியை நாவல் முழுக்கக் கொண்டுபோகலாம். கரும்பலகையில் ஆனிக்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு இருப்புக் கணக்கு எழுதுங்கள். முதல் வாரம் மாத்திரை, சாவி, சாப்பாடு, தண்ணீர், வெளியுலகச் செய்தி எல்லாம் ஆனி பக்கம். பால் பக்கம் கிட்டத்தட்டக் காலி. அவரிடம் இருந்த ஒரே சொத்தான புதிய நாவலின் ஒரே பிரதியையும் அவர் கையாலேயே எரிக்க வைக்கிறாள், அதையும் கழித்துவிடுங்கள். பிறகு டைப்ரைட்டரும் தாளும் வருகின்றன. நான்காவது வாரத்தில் ஒரு மாற்றம் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற தகவல் பாலிடம் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்கு அது வேண்டும். மாத்திரைக்கு அவர் தவிக்கிற மாதிரி கதைக்கு அவள் தவிக்கிறாள். இந்தத் தவிப்புக்கு நாவலே ஒரு பெயர் வைத்திருக்கிறது, ஆயிரத்தோரு இரவுகளில் கதை சொல்லியே உயிர் தப்பிய ஷஹர்சாதையும் துணைக்கு அழைக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அடுத்த இதழுக்காக வாசலில் காத்திருந்த பாட்டிமார் கதை தமிழ் மாணவர்கள் வீட்டில் இன்னும் இருக்கும். கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். கன்னட, தெலுங்கு மாணவர்களுக்கும் அவரவர் வாரப் பத்திரிகைத் தொடர்கதை உண்டு.

அந்த இருப்புக் கணக்குப் பலகையைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாரா வாரம் புதிதாக எழுதினால் போன வாரம் என்ன இருந்தது என்பது மறந்துபோகும். எட்டுப் படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அதிகாரம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியும்.

இப்போது ஆனியைப் பற்றி. பெரும்பாலான வகுப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன. “அவள் பைத்தியம்” என்று ஒரு மாணவர் சொல்வார், விவாதம் அத்தோடு முடிந்துவிடும். முடிய விடாதீர்கள். ஆனி ஒரு நல்ல வாசகி. மிசரியை உயிர்ப்பிக்க பால் எழுதும் முதல் வடிவத்தை அவள் நிராகரிக்கிறாள். சிறுவயதில் வாராவாரம் தியேட்டரில் பார்த்த தொடர் படத்தை நினைவுபடுத்துகிறாள்: போன வாரம் நாயகன் காரோடு மலையிலிருந்து விழுந்தான், இந்த வாரம் பார்த்தால் அதற்கு முன்பே குதித்துவிட்டதாகக் காட்டினார்கள், இது ஏமாற்று வேலை என்கிறாள். அவள் சொல்வது சரி. பாலுக்கும் அது சரி என்று தெரிகிறது. திரும்ப எழுதுகிறார், முன்பைவிட நன்றாக எழுதுகிறார். ஒரு கொலைகாரி எடிட்டராகச் சரியாகப் பேசுகிறாள் என்பதை ஒப்புக்கொள்ள வைக்கும் அந்த இடம் மாணவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், இருக்க வேண்டும். பயிற்சி இது: டிவி சீரியல்களில் செத்தவர் திரும்பி வந்த ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் சர்ஜரி வகையறா. அது ஏமாற்றா, நியாயமா? ஏமாற்றாமல் அவரை உயிரோடு கொண்டுவர 150 சொல்லில் ஒரு வழி எழுதுங்கள். 25 நிமிடம். இதை எழுதி முடித்தவர்களுக்கு பாலின் வேலை எவ்வளவு கடினம் என்பது விரல் நுனியில் தெரிந்துவிடும்.

நோயின் பெயரை மாணவர்கள் தேடிக் கண்டுபிடித்து ஆனிக்கு ஒட்டுவார்கள். அனுமதிக்காதீர்கள். நாவல் அவள் மனதுக்குள் ஒரு முறையும் போகவில்லை. எல்லாமே பால் பார்த்தது, அதுவும் மாத்திரை மயக்கத்தில் பார்த்தது. பக்கத்தில் உள்ள நடத்தையை மட்டும் பேசுங்கள்: எப்போது மௌனமாகிறாள், எப்போது குழந்தைச் சொற்களால் திட்டுகிறாள், எப்போது சிரிக்கிறாள். வகுப்பில் மனநல சிகிச்சை எடுக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். நோய் இருப்பவர் எல்லாம் ஆபத்தானவர் என்ற எண்ணத்தோடு அவர் அறையை விட்டுப் போகக் கூடாது. அவளுடைய கனத்த உடம்பைப் பயங்கரத்தின் அடையாளமாக நாவல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதையும் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். பால் எழுதும் உள்நாவலில் ஆப்பிரிக்கா வருகிறது, தேனீத் தெய்வம் வருகிறது, பழைய ஆங்கிலச் சாகசக் கதைகளின் காலனிப் பார்வை அப்படியே வருகிறது. கிங் அந்தப் பார்வையைக் காட்டிக்கொடுக்கிறாரா, அதிலேயே மூழ்கிவிட்டாரா? ஒரு மணி ஒதுக்கினால் நல்ல விவாதம் வரும். எனக்கு அது இரண்டும்தான் என்று படுகிறது.

டைப்ரைட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாவலின் பக்கத்தில் இது தெரிகிற மாதிரி சினிமாவில் தெரியாது. ஆனி வாங்கிவரும் பழைய ராயல் டைப்ரைட்டரில் ஆங்கில ‘என்’ எழுத்து இல்லை. நாவல் நடுவே உள்நாவலின் பக்கங்கள் அச்சாகும்போது அந்த எழுத்து இருக்க வேண்டிய இடங்களில் கையால் எழுதி நிரப்பியிருக்கும். பின்னால் ‘டி’ போகிறது, ‘ஈ’ போகிறது; ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்துகள் அந்த இரண்டும்தான். கடைசியில் கையால் எழுதும் நிலைக்கு வந்துவிடுகிறார். உடம்பு குறைவதும் எழுத்து குறைவதும் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. சில மின்னூல் பதிப்புகளிலும் இணையத்தில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களிலும் இந்த அச்சமைப்பு குலைந்துவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் அச்சுப் புத்தகத்திலிருந்து காட்டுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி. ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி, ‘என்’ வரும் இடமெல்லாம் காலியாக விட்டு, பிறகு பேனாவால் நிரப்பச் சொல்லுங்கள். கையில் ஏற்படும் எரிச்சல்தான் பாடம். பிறகு அவரவர் தாய்மொழியில் செய்யட்டும். தமிழ் மாணவர்களை ‘ன்’ இல்லாமல் எழுத விடுங்கள். ‘நான்’ என்பதில் ‘ன்’ போனால் ‘நா’ மிஞ்சும், வெறும் நாக்கு. ‘அவன்’ என்பதில் போனால் ‘அவ’ மிஞ்சும். பேச்சில் அது பெண். ஒரு எழுத்து போனால் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பதே குழம்பிவிடுகிறது. தன்னை ‘நான்’ என்று எழுத முடியாத ஒருவன் என்ன ஆவான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் ஆங்கிலத்தில் கிடைக்காது. கன்னட மாணவர்கள் தங்கள் மொழியில் எந்த எழுத்தை எடுத்தால் இப்படிக் குழம்பும் என்று தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

கோடரிக் காட்சியை வகுப்பில் சத்தமாகப் படிக்க வேண்டாம். வீட்டில் படிக்கட்டும், விரும்பாதவர் சுருக்கத்தைப் படிக்கட்டும். வகுப்பில் அந்தக் காட்சிக்கு முந்தைய பக்கத்தையும் பிந்தைய பக்கத்தையும் மட்டும் எடுங்கள். ஆனி எவ்வளவு அமைதியாக, நர்ஸ் தொழிலின் சொற்களில் பேசுகிறாள் என்பதைக் காட்டுங்கள். பிறகு மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே பாலின் கட்டைவிரல் ஏற்கனவே போய்விட்டிருக்கிறது. நடந்ததை நாம் பின்னால்தான், பக்கவாட்டில்தான் தெரிந்துகொள்கிறோம். கிங் ஒன்றை நேராகக் காட்டினார், மற்றதைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். எது அதிகம் உறுத்துகிறது, ஏன்? பின் பெஞ்சுக்காரர்கள் கேட்டது ரத்தம். அவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்தால் கதை சொல்லும் முறையைப் பற்றித் தாங்களாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சினிமாவைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். ராப் ரைனர் இயக்கிய 1990-ஆம் ஆண்டுப் படத்தில் வெட்டுவது கிடையாது, சம்மட்டியால் கணுக்காலை உடைப்பது. கேமரா அறையை விட்டு வெளியே போய் ஊர் ஷெரிஃபோடு சுற்றுகிறது. நாவல் பாலின் பார்வையை விட்டு அகலுவதே இல்லை. ஆனியாக நடித்த கேத்தி பேட்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது, தகுதியான விருது. படம் பார்த்தவர்களைக் கண்டிக்காதீர்கள், அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: “படத்தில் இல்லாதது” என்று ஒரு பட்டியலை எட்டு வாரமும் அவர்கள் எழுதட்டும். படத்தை முதலிலேயே திரையிட்டால் பேட்ஸின் முகம் நாவலின் ஆனியை மூடிவிடும். ஆறாவது வாரத்துக்குப் பிறகு பத்து நிமிடத் துண்டு போதும், சம்மட்டிக் காட்சி வேண்டாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொத்து இருக்கிறது. பாலு மகேந்திராவின் ‘ஜூலி கணபதி’, 2003, ‘மிசரி’யைத் தழுவியது, சரிதா நடித்தார். அதே ஆண்டில் ‘காதல் கொண்டேன்’ வந்தது, அதற்கு முன்பு 1991-ல் ‘குணா’. ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போகும் மனிதனுக்காக நாம் அழுத படங்கள் அவை. ஒரு பெண் ஓர் ஆணைப் பூட்டி வைத்தால் அது திகில். ஓர் ஆண் பெண்ணைப் பூட்டி வைத்தால் அது காதல் சோகம். இந்த வித்தியாசத்தை உங்கள் வகுப்பில் யாராவது கேட்டாக வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கூடவே ஜான் ஃபவுல்ஸின் ‘தி கலெக்டர்’ நாவலிலிருந்து இரண்டு பக்கம் கொடுங்கள், 1963-ல் வந்தது. வண்ணத்துப்பூச்சி சேகரிக்கும் இளைஞன் ஒருவன் ஓவியக் கல்லூரி மாணவியைக் கடத்தி நிலவறையில் வைக்கிறான். கதையின் ஒரு பகுதி அவன் குரலில், ஒரு பகுதி அவள் நாட்குறிப்பில். அவன் குரலில் ஒரு பக்கம், அவள் குரலில் ஒரு பக்கம். அவன் தன்னை எவ்வளவு நல்லவனாகச் சொல்லிக்கொள்கிறான் என்பதைப் பார்த்தவர்களுக்கு, ‘மிசரி’யில் ஏன் ஆனியின் குரல் நமக்குக் கொடுக்கப்படவில்லை என்ற கேள்வி தானாக வரும்.

இன்னொன்று. ஆனி என்பவள் கொகெய்ன்தான் என்று கிங் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதை முதல் வாரத்தில் சொல்லிவிடாதீர்கள். சாவி கிடைத்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஏழாவது வாரத்தில் சொல்லி, இருப்புக் கணக்குப் படங்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆனி என்ற பெயரை எடுத்துவிட்டுப் போதை என்று போட்டால் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று அவர்களே சோதிக்கட்டும்.

நேரப் பங்கீடு: முதல் பாகத்துக்கு எட்டு மணி, இரண்டாம் பாகத்துக்கு எட்டு, மூன்றும் நான்கும் சேர்த்து ஐந்து, ஒப்பீட்டுக்கு இரண்டு, கடைசி ஒன்று. தொடக்கத்தில்தான் நிதானம் வேண்டும். பிற்பகுதி தானே இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் வாரமே 40 பக்கம் கொடுத்தது அதிகம். நாவலின் முதல் பக்கம் உடைந்த ஒலிகளால் ஆனது. மயக்கத்தில் இருப்பவன் காதில் விழும் சொற்கள் பிய்ந்து கிடக்கின்றன. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிப்பவர் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துச் சோர்ந்துவிடுவார். வகுப்பில் சத்தமாக மூன்று முறை படியுங்கள், மூன்றாவது முறை அந்த ஒலிகளுக்குள் இருக்கும் வாக்கியம் காதில் விழும். அதன் பிறகு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம். அத்தியாய எண்ணிக்கையில் வேலை கொடுக்காதீர்கள், சில அத்தியாயங்கள் அரைப் பக்கம்கூட இருக்காது.

அந்த அப்பாவுக்குத் துறைத் தலைவர் வழியாக ஒரு பக்கக் கடிதம் போதும். உலக இலக்கியம், சிறந்த நாவல் என்றெல்லாம் வாதாட வேண்டாம். அவர் கேட்டது அதுவல்ல. தன் மகன் வகுப்பில் என்ன செய்யப்போகிறான் என்பதுதான் அவர் கேள்வி. பாடத்திட்டத்தில் நாவல் ஏற்கப்பட்ட துறைக் கூட்டத்தின் தேதி, மாணவர்களுக்குக் கொடுத்த அரைப் பக்கத் தாள், விலகிக்கொள்ள இருக்கும் வழிகள், மாதிரி வினாத்தாள் — இந்த நான்கையும் இணைத்து அனுப்புங்கள். வினாத்தாளைப் பார்த்ததும் பெரும்பாலான பெற்றோர் அமைதியாகிவிடுவார்கள். மாணவர் 18 வயது தாண்டியவர் என்பதால், எந்த மாணவர் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டாம்.

அந்த வினாத்தாளில் “ஆனியின் குணச்சித்திரத்தை விவரிக்க” என்று கேட்காதீர்கள். இணையத்தில் பத்துப் பதில் கிடக்கிறது. பதினைந்து வரி உள்ள ஒரு பத்தியை அச்சடித்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் கையால் எழுத வையுங்கள்: யாருக்கு யார் தேவை, எந்தச் சொல் அதைக் காட்டுகிறது? 20 மதிப்பெண் இன்டர்னல் என்றால் இப்படி மூன்று துண்டுக்கு ஐந்தைந்து, மீதி ஐந்து இருப்புக் கணக்குக்கு. சுருக்கத்தைப் படித்தவர்கள் விட்ட பகுதியிலிருந்து பத்தி எடுக்கவே கூடாது. இந்த ஒன்றை மறந்தால் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும்.

கடைசி மணியில் நாவலின் இறுதிப் பக்கங்களை மௌனமாகப் படிக்க விடுங்கள். வீடு திரும்பிய பால் தூக்கத்திலும் விழிப்பிலும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எழுத முடியவில்லை. பிறகு தெருவில் ஒரு சின்னக் காட்சியைப் பார்த்து மறுபடி எழுதத் தொடங்குகிறார். படித்து முடித்ததும் முன்பு எழுதிய ‘என்’ இல்லாத பத்து வரியை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, அதன் கீழே அடுத்த வரியை எழுதச் சொல்லுங்கள். அதை வாங்கிக்கொள்ள வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். அவர்களே எடுத்துக்கொண்டு போகட்டும்.